முழங்கால் உயரத்தில் ஒரு வாசனை

நின்றால் இல்லை, குனிந்தால் இருந்தது.

கூடத்துத் தரையை வெறும் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தவள், சோபாவுக்கு அடியில் துணியைச் செலுத்தக் குனிந்தபோதுதான் அது மூக்கில் பட்டது. பவுடர், லேசான வெனிலா, எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் தெறிக்குமே அந்தக் கசப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் காய்ச்சி ஆறிய பாலைப் போல ஒரு மிதப்பு. நிமிர்ந்தாள். ஈரத் தரையின் மணம் மட்டும். மறுபடி குனிந்தாள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாத பலகை ஒன்றைப் போட்டு மூடியதுபோல, அதற்கு மேல் எழும்பாமல் அங்கேயே நின்றது.

மதியம் மூன்று மணி. எல்லாச் சன்னல்களும் திறந்து கிடந்தன. நாலு மாதமாக அந்த வீட்டில் சன்னல்களை மூடுவதில்லை. சாரல் அடித்தாலும் மூடுவதில்லை. சோப்பு மணமில்லாதது. துணிக்கு வெறும் சோடா. கணவன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனபோது அவனுடைய சவரக் குழம்பும் தலை எண்ணெயும் கூடவே போய்விட்டன. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். "சாப்பிட்டியா?" என்பான். "ஆச்சு" என்று அவள் போனை வைத்துவிடுவாள்.

அவள் முகத்தைத் திருப்பி, முழங்கையின் உள்மடிப்பில் மூக்கைப் புதைத்து மூன்று முறை மூச்சை இழுத்தாள். அது தொழில் பழக்கம். சோப்புக்கும் பவுடருக்கும் மணம் கலந்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வாசனை பார்ப்பதுதான் பன்னிரண்டு வருடமாக அவள் வேலை. நாள் முழுக்க முகர்ந்து முகர்ந்து மூக்கு மரத்துப்போனால் சொந்தத் தோலை முகர்வார்கள். அவரவர் தோல் அவரவருக்கு மணக்காது. கரும்பலகையை அழிப்பதுபோல் மூக்கு சுத்தமாகிவிடும்.

சுத்தமான மூக்கோடு மூன்றாம் முறை குனிந்தாள்.

சந்தேகமே இல்லை. பதினேழாம் கலவை.

பரணில் ஏறி, ரப்பர் வளையம் வைத்து இறுக்கி மூடிய கண்ணாடி ஜாடியை எடுத்துப் பார்த்தாள். உள்ளே அந்தச் சின்னக் குப்பி, பாதி காலியாக. மூடியைச் சுற்றி முகர்ந்தாள். ஒன்றுமில்லை. கசிவில்லை. ஜாடியை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

திங்கட்கிழமை அக்கா வருகிறாள். கூடவே அவளுடைய எட்டு மாதப் பையனும். தவழ்கிற வயசு. அவன் மூச்சு விடப்போவது அந்த உயரத்தில்தான்.

*

பிறந்தபோது கறுப்பாக, உருண்டையாக, உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறவளாக இருந்ததால் அவள் மகளுக்கு மிளகு என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆறு மாதத்தில் அவள் வேலைக்குத் திரும்பினாள். பகலில் பார்த்துக்கொள்ள வந்த ஆயாம்மாவிடம் குழந்தை நன்றாகத்தான் ஒட்டிக்கொண்டது. தூக்கம் மட்டும் வரவில்லை. ஒருநாள் ஆயாம்மா ஆணியில் மாட்டியிருந்த ஆய்வுக்கூடக் கோட்டை எடுத்துப் போர்த்தினாள். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டது. அந்தக் கோட்டில் இருந்தது பதினேழு. 'குளித்து முடித்த குழந்தையின் மணம் வேண்டும், குழந்தைகள் அறைக்கு' என்று ஒரு நிறுவனம் கேட்டு, எட்டு மாதமாக அவர்கள் மாற்றி மாற்றிக் கலந்துகொண்டிருந்தார்கள். மிளகுக்கு அம்மா என்றால் அந்த வாசனை.

சோதனையில் இருக்கும் எதுவும் கம்பெனி வாசலைத் தாண்டக்கூடாது. அவள் தாண்டவைத்தாள். பிளக்கில் செருகுகிற சின்னக் கருவி; அதில் ஒரு குப்பி; பக்கத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு திருகு. தொட்டிலருகே செருகி ஒன்றில் வைத்தாள்.

"எதுக்குங்க இது?" என்றாள் ஆயாம்மா. "பாப்பாவுக்கே ஒரு வாசனை இருக்கு. அதுக்கு மேல எதுக்கு இன்னொன்னு?"

"நான் இல்லாதப்போ அது நான்னு வச்சிக்கோங்க."

"அப்ப உங்களைத் திருகி அணைச்சிடலாம்னு சொல்லுங்க" என்று சிரித்தாள் ஆயாம்மா.

ஒரு வாரத்தில், வீட்டுக்குள் நுழைந்தால் அவளுக்கு வாசனை தெரியவில்லை. இரண்டில் வைத்தாள். பிறகு மூன்று. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் முதல் நாள் சொல்லித்தருவதே அதைத்தான்: வாசனை குறையாது, மூக்குதான் பழகிப்போகும், கையை வைக்காதே, வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்து பார். நாள் பூராவும் பதினேழிலேயே ஊறிக் கிடந்துவிட்டு வீட்டுக்கு வருகிறவளிடம் பதினேழை அளக்க எந்த மூக்கு மிச்சமிருக்கும்? அவள் அதை யோசிக்கவில்லை. நாலு. ஐந்து. ஆயாம்மா சன்னலைத் திறந்து வைப்பாள். தூசி வருகிறதென்று இவள் மூடுவாள்.

"பாப்பா மூச்சு விடறப்ப விசில் மாதிரி கேக்குதுங்க."

"சளிதான். கஷாயம் எதுவும் கொடுத்துடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டறேன்."

காட்டினாள். சொட்டு மருந்து கொடுத்தார்கள். காற்றுப் போக்கில்லாத அறையில், கைக்குழந்தை இருக்கும் இடத்தில் வேண்டாம் என்று கலவையோடு போகும் தாளில் ஒரு வரி உண்டு. அந்த வரியைத் தட்டச்சு செய்ததே அவள்தான்.

மிளகுக்குப் பதினோரு மாதம் முடிகிற வாரத்தில், ஒரு மதியம் ஆயாம்மாவிடமிருந்து போன் வந்தது. அவளும் ஆம்புலன்சும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தார்கள். அறைக்குள் ஓடியவள், குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால், வேறு எதையும் செய்வதற்கு முன்னால், பிளக்கிலிருந்து அதைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டாள்.

"வீட்ல புகை, கொசுவத்தி, சென்ட் மாதிரி ஏதாவது பக்கத்துல இருந்ததா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க" என்றாள்.

மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டது என்றார்கள். மிளகு வீடு திரும்பவில்லை. அதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை. இருந்தது என்று சொல்லியிருந்தால்தானே சொல்வதற்கு.

*

சனிக்கிழமை காலை அவள் பத்துக் காகிதக் கீற்றுகளைக் கூடத்துச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினாள், தரையிலிருந்து தன் நெற்றி உயரம்வரை. பின்பக்கம் பென்சிலால் எண். ஒரு மணி நேரம் கழித்துத் தனித்தனிக் கண்ணாடிக் குழாய்களில் போட்டு மூடி, நாலு மாதத்தில் முதல் முறையாகக் கம்பெனிக்குப் போனாள்.

அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவரை எல்லோரும் பெரிய மூக்கு என்பார்கள். அவள் சின்ன மூக்கு.

"வாம்மா. மூக்கைக் கழட்டிப் பரண்ல போட்டுட்டியோன்னு நெனச்சேன்."

"இதைக் கொஞ்சம் பாருங்க சார். என்னன்னு சொல்ல மாட்டேன்."

"பரிட்சையா? இந்த வயசுல ஃபெயிலானா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து, இடையிடையே முழங்கையை முகர்ந்து, ஆறை இந்தப் பக்கமும் நாலை அந்தப் பக்கமும் வைத்தார். அவள் எண்களைத் திருப்பிப் பார்த்தாள். நாலும் முழங்காலுக்குக் கீழே ஒட்டியவை.

"அந்த ஆறும் வெறும் பேப்பர். இந்த நாலு நம்ம பதினேழு. ஆனா..." மறுபடி ஒரு கீற்றை எடுத்தார். விளையாட்டு அவர் முகத்திலிருந்து போய்விட்டது. "அடியில வேற ஒண்ணு இருக்கு. வேர்த்த தலை. சின்னக் குழந்தையோட உச்சந்தலை. நாம எட்டு மாசம் முட்டி மோதி, வரவே வராதுன்னு விட்டோமே, அதேதான். யாரும்மா பண்ணினா இதை?"

"யாரும் பண்ணல சார்."

அவள் குழாய்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் வாசல்வரை வந்தார். "ஒழுங்கா தூங்கறியா நீ?" என்றார். அவள் தலையாட்டினாள்.

அன்று மாலையே அக்காவுக்குப் போன் போட்டாள். "இப்ப வராதேக்கா. வீடு சரியில்ல."

"என்ன சரியில்ல? ஒட்டடையா? நான் வந்து அடிக்கிறேன்."

"அதில்ல. குழந்தைக்கு ஒத்துக்காது."

அக்கா குரலை இறக்கினாள். "இங்க பாரு. குழந்தையைப் பார்த்தா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அழு. நானும் கூட உக்காந்து அழறேன். ஆனா உன்னைத் தனியா விட்டா நீ பேசறதையே மறந்துடுவ. டிக்கெட் போட்டாச்சு."

உண்மையை ஒரு வரியில் சொல்லியிருந்தால் அக்கா வந்திருக்கமாட்டாள். எத்தனை மணிக்கு வண்டி என்று மட்டும் கேட்டாள்.

*

அக்கா பையனுக்கு வீட்டில் உருண்டை என்று பெயர். கன்னம் இருந்தது, கழுத்து இல்லை. வந்த நிமிடத்திலிருந்து அவள் அவனைக் கீழே விடவில்லை. இடுப்பில், தோளில், மேசைமேல். முழங்காலுக்கு மேலேயே வைத்திருந்தாள்.

"காலுன்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துடப்போறான்" என்றாள் அக்கா. "இறக்கி விடுடி. உன் தரை என் தட்டைவிடச் சுத்தமா இருக்கு."

"இருக்கட்டும்க்கா."

"கை வலிக்கல?"

"இல்ல." நாலு மாதமாக எடையே இல்லாமல் கிடந்த கை. வலித்தது, வலி பிடித்திருந்தது.

செவ்வாய் மதியம் அவள் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, அக்கா பரணிலிருந்து தொட்டிலை இறக்கி, துடைத்து, பழைய இடத்திலேயே போட்டிருந்தாள். கம்பி வைத்த மரத் தொட்டில். "எத்தனை நேரம்தான் தூக்கிட்டே இருப்ப? ஒரு பத்து நிமிஷம் கிடக்கட்டும். நான் குளிச்சிட்டு வரேன்."

குளியலறையில் வாளி நிரம்பும் சத்தம். தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். உருண்டை தொட்டிலுக்குள் உட்கார்ந்து, தன் கிலுகிலுப்பையைக் கம்பிகளின் இடைவெளி வழியாக நீட்டிக்கொண்டிருந்தான், யாருக்கோ கொடுப்பதுபோல. வாங்க ஆளில்லாமல் அது கீழே விழவேண்டும். விழவில்லை. ஒரு கணம், கம்பிக்கு வெளியே, அவன் விரல்கள் விட்ட பிறகும் நின்றது. பிறகு விழுந்தது. அவன் கெக்கெக்கென்று சிரித்தான்.

அவள் தொட்டிலருகே மண்டியிட்டாள். முழங்கையை முகர்ந்தாள். மேல்கம்பியை ஓரத்திலிருந்து மெதுவாக முகர்ந்துகொண்டே வந்தாள். மரம். பழைய வார்னிஷ். தூசி. மரம்.

இங்கே. பதினேழு. வேர்த்த உள்ளங்கை.

ஒரு சாண் தள்ளி, இங்கே.

இரண்டு இடங்கள். இரண்டு கைகள் பிடித்துக்கொள்கிற தூரம். தொட்டிலின் மேல்கம்பி முழங்காலுக்கு மேலே, தொடை உயரம். மிளகு நின்றதே இல்லை. கடைசி வாரம் சோபாவைப் பிடித்து எழப் பார்ப்பாள், தொப்பென்று உட்காருவாள், அதற்கும் தானே கைதட்டிக்கொள்வாள்.

இப்போது நிற்கப் பழகியிருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். மெல்லிய விசில். இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று. தொட்டிலுக்கு வெளியே, அவள் காதுக்கு அருகில், அவள் முகத்தின் உயரத்தில்.

பிறகு தொட்டிலுக்கு உள்ளேயும்.

உருண்டையின் சிரிப்பு நின்றிருந்தது. விலாவுக்கு அடியில் தோல் உள்ளே குழிந்து குழிந்து வந்தது.

*

ஈரத் தலையோடு அக்கா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட, பையில் துணிகளை அடைத்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள். முழுக்கச் சொன்னாள். குப்பி, திருகு, ஐந்து, கைப்பை, டாக்டர். "இருந்துச்சுக்கா. கேட்டப்போ இல்லைன்னுட்டேன். அங்க போனதும் நீ அதைச் சொல்லிடு."

அக்கா அவளைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம்.

"வழி விடு" என்றாள்.

"நானும் வரேன்."

"வேணாம்."

டாக்சி முனை திரும்பியதும் வீடு அமைதியாயிற்று. அவள் கூடத்தில் மண்டியிட்டு முகர்ந்தாள். ஈரத் தரை. அறைக்குப் போனாள். தொட்டில் கம்பி. வெறும் மரம். சமையலறை, நடை, கட்டிலுக்கு அடியில். கைகளை ஊன்றி, மூக்கைத் தரையில் வைத்து, வீடு முழுக்கத் தவழ்ந்தாள். எங்கும் இல்லை. நிம்மதியாக எழுந்து உட்கார்ந்தவளுக்கு அந்த நிம்மதி அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை.

வீட்டில் இல்லையென்றால் எங்கே?

போன் அடித்தது. "மாஸ்க் வச்சிருக்காங்க. அடங்கவே மாட்டேங்குது" என்றாள் அக்கா. "டாக்டர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "அவன் தலையில அந்த வாசனை வருதுடி. நர்ஸ் ரெண்டு தடவை துடைச்சிட்டாங்க. போகல."

மிளகு அம்மாவைத் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நாலு மாதமாக, கூடத்திலும் நடையிலும், அவள் காலடியிலேயே. வாசனை இல்லாத சோப்பால் தேய்த்துத் தேய்த்து, தன்னிடமிருந்து அம்மாவை முழுக்கக் கழுவிவிட்டவளை அதற்கு எப்படித் தெரியும்? எத்தனையோ முறை இந்தக் காலைத் தாண்டிப் போயிருக்கும். கடைசியில், தூக்கிவைத்துக் கொஞ்சப்படுகிற இன்னொரு குழந்தையைப் பார்த்தது. அதன் கூடவே போய்விட்டது.

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டிலருகே தரையில் வைத்துவிட்டு அவள் பரணில் ஏறினாள்.

ஜாடியின் மூடி திறந்தபோது கண் கரித்தது. குப்பியைச் சாய்த்து இடது முழங்கையின் உள்மடிப்பில் இரண்டு சொட்டு விட்டாள், மிளகின் தலை எப்போதும் சாய்ந்திருக்கும் பள்ளத்தில். தொட்டிலருகே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கையை வளைத்து வைத்துக்கொண்டாள்.

"மிளகு. அம்மா இங்க இருக்கேன் கண்ணு."

வெயில் சன்னலைவிட்டு இறங்கிச் சுவருக்குப் போயிற்று. குளியலறைக் குழாயில் ஒரு சொட்டு. இன்னொன்று. மூச்சுக்கு மூச்சு கையிலிருந்து எழுந்த மணம் நெஞ்சில் ஏறியது.

வாசல் திரைச்சீலையின் கீழ்முனை அசைந்தது. மேல்பாதி அசையவில்லை.

தரையில், ஈரக் காலை எடுத்து வைப்பதுபோல் ஒரு சத்தம். நின்றது. தொப். பிறகு மறுபடி. நடக்கக் கற்றுக்கொண்டு ஒரு வாரம்கூட ஆகாத நடை.

நடைவழியில்.

நிலைப்படியில்.

விசில்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் ஏதோ ஏறியது. சேலையைப் பிடித்துக்கொண்டு ஏறியது. வளைந்த கையில் எடை வந்து அமர்ந்தது. அவளுக்குத் தெரிந்த எடை. முழங்கைப் பள்ளத்தில் வேர்த்த முடியின் ஈரம்.

தரையில் கிடந்த போனில் அக்காவின் குரல். "அடங்கிடுச்சுடி. திடீர்னு அடங்கிடுச்சு. பாலுக்கு அழறான். வாசனையும் போயிடுச்சு. கேக்குதா? ஏய்... பேசேன்டி."

அவளுக்கு ஒரு அசைவுக்குக்கூடப் பயமாயிருந்தது. எத்தனை நேரம் என்று தெரியாது, அப்படியே இருந்தாள். பிறகு மூச்சை இழுத்தபோது வாசனை இல்லை.

குறையவில்லை, அவளுக்குத் தெரியும். மூக்குதான் பழகிவிட்டது. எழுந்து வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வரவேண்டும். ஆனால் எழுவதென்றால் இதைக் கீழே வைக்க வேண்டும். கையில் இருந்த எடை புரண்டது. தலை வாசல் பக்கம் திரும்புவதுபோல இருந்தது.

குப்பியைச் சாய்த்தாள். மூன்று சொட்டு.

எடை மறுபடி படிந்தது. விசில் சற்று உயர்ந்தது.

மறுபடி வாசனை மறைந்தது. ஐந்து சொட்டு.

காற்றில் திரைச்சீலை உப்பிற்று. எல்லாச் சன்னல்களும் திறந்திருக்கின்றன. எல்லாம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. இடது கை மடங்கியபடியே இருக்க, வலது கையைச் சுவரில் ஊன்றி எழுந்தாள். அறைச் சன்னலை மூடினாள். கூடத்துச் சன்னல் இரண்டையும் மூடினாள். சமையலறைச் சன்னலின் தாழ்ப்பாள் நாலு மாதத்தில் துருவேறியிருந்தது. தோளால் அழுத்தி அதையும் மூடினாள். கதவை மூடி, அடியிலிருந்த இடைவெளியில் தரை துடைக்கிற துணியைச் சுருட்டி வைத்தாள்.

விசில் இப்போது இரண்டாகக் கேட்டது. ஒன்று கையிலிருந்து. மற்றது தன் நெஞ்சிலிருந்து வருவதைச் சிறிது நேரம் கழித்தே கவனித்தாள்.

மறுபடி சுவரோரம் உட்கார்ந்தாள். வளைந்த கையை லேசாக ஆட்டியபடி, குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இன்னும் ஒரு விரற்கடை மிச்சமிருந்தது.